சாயமில்லாத மயில்கழுத்து

பஞ்சுக்கு நிறம் கிடையாது. பஞ்சில் செய்த வடிதாளை 64 சதவீதக் கந்தக அமிலத்தில், 45 டிகிரிச் சூட்டில் முக்கால் மணி நேரம் கலக்கி, அமிலம் போகக் கழுவினால், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒன்று மிஞ்சும். அதில் மிதப்பவைதான் செல்லுலோஸ் நானோபடிகங்கள்: 100 முதல் 300 நானோமீட்டர் நீளமுள்ள குச்சிகள். தட்டில் ஊற்றிக் காயவிட்டால், துளிச் சாயமில்லாமல் மயில்கழுத்துப் பட்டுபோல மின்னும் ஃபிலிம் வரும்.

வரும் என்றுதான் நானும் படித்திருந்தேன். முதல் ஆறு மாதம் எனக்கு வந்ததெல்லாம் ஓரத்தில் ஒரு வளையம், நடுவில் கஞ்சி ஆடை.

பொருளில் குறை தேடி, அமிலத்தை மாற்றினேன், பஞ்சை மாற்றினேன். தப்பு அங்கே இல்லை, அவசரத்தில் இருந்தது. மறுநாள் கூட்டத்தில் காட்டவேண்டும் என்று 60 டிகிரி ஓவனில் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

குச்சிகள் அடுக்கடுக்காகப் படுக்கின்றன. ஒவ்வோர் அடுக்கும் கீழடுக்கிலிருந்து கொஞ்சம் திரும்பி, எப்போதும் இடம்புரியாகவே. 1992-இல் மான்ட்ரியலில் ரெவோல், கிரே முதலியோர் கண்டு சொன்னது இது. ஒரு முழுச் சுற்றின் உயரம் 350 நானோமீட்டர் என்றால், அதை ஒளிவிலகல் எண் 1.55-ஆல் பெருக்குங்கள்: சுமார் 540 நானோமீட்டர். ஃபிலிம் திருப்பி அனுப்பும் ஒளியின் அலைநீளம் அதுதான். பச்சை! சாய்த்துப் பார்த்தால் நீலத்துக்கு நகரும்.

இந்த அடுக்கு ஒரு குறிப்பிட்ட நேரத்தில்தான் அமைகிறது. கரைசல் நீர்த்திருக்கும்போது குச்சிகள் கண்டபடி மிதக்கும். சில சதவீதம் செறிவு ஏறியதும் தாமாக வரிசை கட்டும். இன்னும் தண்ணீர் போனால் கூழாகி இறுகிவிடும். அதன்பின் எந்தக் குச்சியும் திரும்பாது. வரிசை கட்டுவதற்கும் இறுகுவதற்கும் நடுவிலுள்ள அவகாசத்தைத்தான் என் ஓவன் தின்றுகொண்டிருந்தது.

இப்போது மூடியை லேசாகத் திறந்துவைத்து மூன்று, நான்கு நாள் விடுகிறேன். ஃபேன் கூடாது, ஏசிக் காற்று நேரே படக்கூடாது. மேசையில் கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. தட்டு சாய்ந்தால் தடிமன் மாறி, நிறம் பக்கத்துக்குப் பக்கம் ஓடும். காய்ந்ததைக் கறுப்புத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் பாதி அழகு போய்விடும்.

நிறத்தை நகர்த்த இரண்டு வழி. சோனிகேட் செய்தால், அதாவது மீயொலியால் அதிரவைத்தால், சிவப்புப் பக்கம் போகும், துளி உப்பு சேர்த்தால் நீலப் பக்கம். சோனிகேட் செய்யும்போது பாத்திரம் ஐஸில் இருக்கட்டும். சூடேறினால் குச்சிகளை ஒட்டவிடாமல் விலக்கிவைக்கும் சல்பேட் மின்னூட்டம் குறையும். எத்தனை நிமிடம் என்று எழுதாதீர்கள், கிராமுக்கு எத்தனை ஜூல் என்று எழுதுங்கள். நிமிடக் கணக்கு அடுத்த கருவியில் செல்லாது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஒருமுறை கத்தி விளிம்பால் இழுத்துப் பூசினேன். குறுக்காக வைத்த இரண்டு போலரைசருக்கு நடுவே அட்டகாசமான நிறம். "நிறம் வந்துடுச்சு அக்கா!" என்று கத்தினேன். ஆய்வகத்து அக்கா போலரைசர்களை எடுத்துவிட்டு, "இப்ப பாரு" என்றார். வெறும் கண்ணாடித்தாள். இழுத்த இழுப்பில் குச்சிகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துவிட்டன, புரியே இல்லை. நான் பார்த்தது இரட்டை ஒளிவிலகலின் நிறம்.

அன்றிலிருந்து என் சோதனைக் கருவி தியேட்டரில் தரும் த்ரீடி கண்ணாடி. அது வட்ட முனைவாக்க வகையாக இருக்கவேண்டும். இடம்புரி அடுக்கு இடச்சுழல் ஒளியை மட்டுமே திருப்பி அனுப்பும். அதனால் ஒரு கண்ணில் தெரியும் நிறம் மறுகண்ணில் அணைந்துவிடும். இரண்டு கண்ணிலும் ஒரேபோல் தெரிந்தால் அது நீங்கள் தேடிய நிறம் அல்ல.

ஆய்வேடு எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஃபிலிமின் படம் போடும்போது, வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுந்தது, கேமரா எந்தக் கோணத்தில் இருந்தது என்பதையும் கீழே எழுதிவிடுங்கள்.