ஒரே திறப்பில் எல்லாப் பூட்டுமா?

இரவில் கடையை மூடியதும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் வீடு செல்லும் வியாபாரி நம்மில் இல்லை. ஆனால், கடையின் பேஸ்புக் பக்கத்துக்கு என்ன பூட்டு என்று கேட்டால் பலர் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தவன்தான்.

மூன்று வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில் எனது புடவைக் கடையின் பக்கம் பறிபோனது. கடையின் பெயரும் ஆரம்பித்த வருடமுமே எனது கடவுச்சொல். பெயர்ப்பலகையைப் பார்த்த எவரும் ஊகிக்கலாம். மின்னஞ்சலுக்கும் அதே சொல்தான். ஆதலால் பக்கத்தை மீட்க வந்த அஞ்சலும் திருடன் கைக்கே போனது. அவன் எனது பெயரில் வாடிக்கையாளர்களிடம் முற்பணம் கேட்டான். ஒரு தாய் 8,000 ரூபாவை வங்கியில் போட்டுவிட்டு, பிள்ளைகளின் உடுப்பை எடுக்கக் கடைக்கு வந்து நின்றார். பணம் எனக்கு வரவில்லை. ஆனால் என்னை நம்பித்தானே போட்டார்? உடுப்பைக் கொடுத்தனுப்பினேன்.

"வாப்பா, நீங்க திறப்பை வாசல்லயே தொங்கவிட்டிருக்கீங்க" என்றான் மகன். அவனிடம் கற்ற மூன்று பாடங்களை இங்கு தருகிறேன்.

முதலாவது, நீளம். 2009 இல் ரொக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. ஆறு இலக்கங்களில் அமைவது மொத்தம் 10 இலட்சம் எண்கள்தான். கணினிக்கு அது ஒரு நொடி வேலை. எட்டு ஆங்கில எழுத்துக்களைப் பன்னிரண்டாக்கினால் தேட வேண்டிய அளவு 4,56,976 மடங்காகிறது. ஆகவே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். குடை, முருங்கை, தபால், ஆமை என்பது போல. இதையே வைத்துவிடாதீர்கள்! பிள்ளையின் பெயர், தொலைபேசி இலக்கம், பிறந்த திகதி வேண்டாம்.

இரண்டாவது, ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு சொல். பேஸ்புக்கை உருவாக்கிய மார்க் சக்கர்பேர்க்கின் ட்விட்டர், பின்டரெஸ்ட் கணக்குகளே 2016 இல் பறிபோயின. 2012 இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து களவுபோன அவரது பழைய சொல்லைக் கொண்டே நுழைந்ததாகப் பறித்தவர்கள் கூறினர். எல்லாவற்றையும் மனதில் வைக்க முடியாவிட்டால், ஒரு கொப்பியில் எழுதி வீட்டு அலுமாரியில் பூட்டி வையுங்கள். கடை மேசையிலோ கல்லாப்பெட்டியிலோ வேண்டாம். கடவுச்சொற்களைப் பாதுகாக்கும் செயலிகளும் உண்டு.

மூன்றாவது, இரண்டாம் பூட்டு. இரண்டு படி உறுதிப்படுத்தலை இயக்கிவிட்டால், கடவுச்சொல் தெரிந்தவனும் உங்கள் கைபேசியில் வரும் குறியீடு இல்லாமல் உள்ளே வர முடியாது. வட்ஸ்அப்பிலும் இவ்வசதி உண்டு. அங்கு நீங்களே ஓர் இரகசிய எண்ணை வைக்க வேண்டும். கைபேசிக்கு வரும் குறியீட்டை எவருக்கும் சொல்லாதீர்கள். சொந்த மச்சானின் வட்ஸ்அப்பில் இருந்து கேட்டாலும், முதலில் அவருக்கு அழைப்பெடுத்துப் பேசுங்கள். அவரது கணக்கே களவு போயிருக்கலாம்.

மின்னஞ்சலில் இருந்து ஆரம்பியுங்கள். மற்றக் கணக்குகளின் திறப்பு அங்குதான் இருக்கிறது. வேலையை விட்டுப் போன பையனுக்குப் பழைய சொல் தெரியுமானால் அதையும் இன்றே மாற்றுங்கள்.

எனது பக்கம் 12 நாட்களுக்குப் பின் திரும்பக் கிடைத்தது. அந்தப் பெருநாள் வியாபாரம் திரும்பவில்லை. உங்களுக்கு இதற்கு அரை மணித்தியாலம் போதும். இன்றிரவு கடைப் பூட்டை இழுத்துப் பார்க்கும்போது இந்தப் பூட்டையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.