நெகடிவ் என்றால் நல்லதா?

“ரத்தம் கொடுத்துப் பார்த்துட்டோம், ஒண்ணும் இல்லையாம்.”

ஆடித் தள்ளுபடி போல லேப்காரர்கள் இப்போது ‘கேன்சர் பேக்கேஜ்’ விற்கிறார்கள். காலையில் ரத்தம் கொடுத்தால் மாலையில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். சிஇஏ, எஸ்சிசி ஆன்டிஜென் என்று, மார்க்கர் எனப்படும் சில புரதங்களின் அளவு அதில் இருக்கும். எல்லா வரியிலும் நார்மல் என்று வந்துவிட்டால், கன்னத்துக்குள் இருக்கும் வெள்ளைப் படையை மறந்துவிட்டு அடுத்த பாக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிடுகிறார்கள்.

வாய்ப் புற்று சிறிதாக இருக்கும்போது இந்தப் புரதங்கள் ரத்தத்தில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. ஏறினாலும் அதற்குப் புற்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எஸ்சிசி ஆன்டிஜென், சொரியாசிஸ் உள்ளவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் கூடும். சிஇஏ புகைபிடிப்பவர்களுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். எச்சிலில் இன்டர்லூகின்-8 போன்றவற்றைத் தேடும் ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. ஈறு வீங்கிச் சீழ் பிடித்தவரின் எச்சிலிலும் அது கூடும் என்பதுதான் சிக்கல்.

கணையத்துக்குள் ஒளிந்திருக்கும் கட்டியை மறைமுகமாகத் தேடுவதில் அர்த்தம் உண்டு. வாய், திறந்தாலே தெரிகிற இடம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது.

“பி53 நெகடிவ்னு வந்திருக்கு, தப்பிச்சோம்.”

சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் அதிகம் ஏமாற்றும் வரி இதுதான். பி53 என்பது 1979இல் கண்டறியப்பட்ட புரதம். செல்லின் டிஎன்ஏ சேதமடைந்தால் அந்தச் செல் பிரிவதை இது நிறுத்தும். சேதம் பெரிதென்றால் செல்லையே சாகவைக்கும். ஆரோக்கியமான செல் இதை உண்டாக்கிய சிறிது நேரத்திலேயே உடைத்தும் விடுகிறது. அதனால் இயல்பான வாய்ச் சவ்வுக்கு இதைக் காட்டும் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அடி வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உட்கருக்கள் மட்டும் வெளிர் பழுப்பாகத் தெரியும்.

இந்தப் புரதத்துக்கான மரபணு கெட்டால் இரண்டில் ஒன்று நடக்கலாம். கோளாறான பி53 உடையாமல் குவிந்து, அடி வரிசை முழுவதும், அதற்கு மேலேயும் அடர்ந்த பழுப்பாகத் தெரியலாம். அல்லது மரபணு பாதியிலேயே முறிந்து, புரதமே உருவாகாமல் போகலாம். அப்போது புற்றுச் செல்கள் துளிச் சாயமும் ஏறாமல் வெளுத்துக் கிடக்கும்; பக்கத்தில் இருக்கும் நல்ல செல்கள் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருக்கும். ரிப்போர்ட்டில் அதை ‘நல் (null) பேட்டர்ன்’ என்று எழுதுவார்கள். வீட்டில் அதை நெகடிவ் என்று படித்துவிட்டு நிம்மதியாகிறார்கள். காவல் முழுவதும் போய்விட்டது என்பதே அதன் பொருள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெள்ளைப் படையில் எடுத்த சதையில் பி53 கூடுதலாக இருந்தால் அது புற்று என்று தீர்ப்பாகிவிடாது. வெறும் அழற்சியிலும் அடி வரிசையில் சாயம் கொஞ்சம் கூடும். செல்களின் வடிவமும் அடுக்கும் எவ்வளவு குலைந்திருக்கின்றன என்று பேத்தாலஜிஸ்ட் சாதாரணச் சாயத்தில் பார்த்துச் சொல்வதற்குத்தான் இன்றும் முதல் மதிப்பு.

இல்லாமல் போவது கெட்ட செய்தியாகும் இன்னொரு புரதம் இ-கேதரின். மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது அது. புற்று முற்றும்போது இது குறைந்து, செல்கள் கழன்று உள்ளே இறங்கி, கழுத்து நெறிக்கட்டி வரை போகின்றன. மார்க்கர் என்றாலே ஏறுவதுதான் ஆபத்து என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“மாமா, பி16 பாசிட்டிவ்னா நல்லதாம்” என்று வெளிநாட்டில் இருக்கும் மருமகன் இணையத்தில் படித்துச் சொல்வார். அவர் படித்தது பொய்யல்ல, இடம்தான் வேறு. டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் எச்பிவி வைரஸால் வரும் புற்றுக்கு பி16 என்ற புரதம் நல்ல அடையாளம். எழுபது சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட செல்களில் அடர்ந்து தெரிந்தால் பாசிட்டிவ். அந்த நோயாளிகள் சிகிச்சையில் நன்றாகத் தேறுகிறார்கள். பாக்கு, புகையிலை மெல்லும் நம் ஆட்களுக்குக் கன்னத்திலும் நாக்கு ஓரத்திலும் வரும் புற்றில் அந்த வைரஸுக்குப் பங்கு மிகக் குறைவு. அங்கே நோயின் நிலையை முடிவு செய்ய பி16 பயன்படுவதில்லை.

“கேஐ-67 முப்பது சதவீதம், அப்ப எழுபது சதவீதம் நல்லா இருக்கு.” இல்லை. எண்ணிய புற்றுச் செல்களில் முப்பது சதவீதம் அந்த நேரத்தில் பிரியும் வேலையில் இருந்தன, அவ்வளவுதான். ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் கூடுதல் என்று பயப்படுவதும் வீண், இந்த வகைப் புற்றில் பெரும்பாலானவர்களுக்கு அது கூடுதல்தான். பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவு மட்டும் வேறு ரகம். திரும்ப வந்த அல்லது பரவிவிட்ட நோய்க்கு இம்யூனோதெரபி கொடுக்கலாமா என்று தீர்மானிக்க அந்த எண் உண்மையிலேயே உதவுகிறது.

“கத்தி பட்டா பரவிடும்.”

மேலே சொன்ன பி53, பி16, கேஐ-67, பிடி-எல்1 எல்லாம் அந்தக் கத்தி எடுத்த துண்டில் பார்ப்பவை. பயாப்ஸி செய்ததால் வாய்ப் புற்று பரவுகிறது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை; அதற்குப் பயந்து மூன்று மாதம் நாட்டு மருந்து தடவிக்கொண்டிருந்தால் நோய் தானாகவே பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, நாளுக்கு நாள் வாய் திறப்பு குறைவது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் காட்ட வேண்டியது பல் மருத்துவரிடம், லேபில் அல்ல.

எடுத்த துண்டை மெழுகுக் கட்டியாக்கி வைத்திருப்பார்கள், பிளாக் என்பார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாமல், பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடுபட்ட மார்க்கரை அதிலேயே பார்த்துவிடலாம். பெரும்பாலும் மறுபடி சதை எடுக்கத் தேவையிருக்காது.