யூனிஃபார்ம் மாறியது, ஆள் மாறவில்லை

செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றிவிட்டோம் என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கைதட்டல் எமோஜிகள் வந்து குவிந்த மறுநாள் காலை. கேட்டில் சல்யூட் அடித்தவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முந்தின நாள்வரை நீலச் சட்டையில் நின்றவர், இன்று சாம்பல் சட்டையில் நின்றார். “புதுக் கம்பெனியில சேர்ந்துட்டேன் சார். எனக்கும் இந்த கேட்டு பழகிப்போச்சு” என்றார். சம்பளம்? ஐந்நூறு ரூபாய் குறைவாம். யூனிஃபார்முக்குப் பிடித்தம் வேறு.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு மேனேஜர்களிடம் பேச்சுக்கொடுத்தால் இந்தக் கதை பலரிடம் இருக்கும். வாட்ச்மேன் தூங்குகிறார், போனே கதி என்று கிடக்கிறார், வருகிறவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று புகார் வரும். ஏஜென்சி மாறும். ஆறு மாதத்தில் அதே புகார் திரும்ப வரும். கோளாறு பெரும்பாலும் ஆளிடம் கிடையாது. ஆள் கணக்கைப் போடும்போதே நாம் கோட்டைவிட்டிருப்போம்.

பின் கேட், அதிகாலை 3.40

எனக்கு இது உறைத்தது ஒரு ராத்திரி ரவுண்டில்தான். பின் கேட்டில் இருந்தவர் நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். மேசையில் ரோந்துப் பதிவேடு. 4 மணி, 5 மணி, 6 மணி, மூன்று வரியிலும் “எல்லாம் சரி” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகியிருந்தது. அப்போது மணி 3.40. எழுப்பிச் சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டி என் முன்னால் வைத்தார். முந்தின நாள் காலை 8 மணிக்கு டூட்டிக்கு வந்தவர். ராத்திரி ரிலீவர் வரவில்லை. “டபுள் பார்த்துடுங்க” என்று ஃபீல்டு ஆபீசர் போனில் முடித்துவிட்டார். விடிந்தால் அவருடைய வழக்கமான பகல் டூட்டி. ஆக, ஒரே மூச்சில் 36 மணி நேரம்.

அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு போஸ்டில் இரவு பகலாக ஆள் வேண்டுமென்றால் 12 மணி நேர ஷிஃப்டில் வாரத்துக்கு 14 டூட்டி. எங்களுக்கு 6 போஸ்ட், ஆக 84 டூட்டி. வாரம் ஒரு நாள் லீவு கொடுத்தால் ஒருவர் பார்ப்பது 6 டூட்டி. வேண்டியது 14 பேர். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது 12 பேர். யாருக்கும் காய்ச்சல் வராமல், ஊரில் ஒரு கல்யாணம் சாவு இல்லாமல், தீபாவளியே வராமல் இருந்தாலும் வாரத்துக்கு 12 டூட்டி துண்டு விழும். அந்தத் துண்டுதான் பின் கேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, எத்தனை ஆள் என்று கேட்பதற்கு முன் எத்தனை போஸ்ட், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். காசு கட்டுப்படியாகவில்லை என்றால் போஸ்டைக் குறையுங்கள், லீவைக் குறைக்காதீர்கள். நாங்கள் பின் கேட்டை இரவு நேரத்தில் பூட்டி, சாவியை முன் கேட்டில் வைத்தோம். வாரத்துக்கு 7 டூட்டி மிச்சம். (தீயணைப்பு வண்டி வருகிற வழி அதுவாக இருந்தால் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.)

கொட்டேஷனைப் பிரித்துக் கேளுங்கள்

தலைக்கு இவ்வளவு என்று ஒற்றை எண்ணாக வருகிற கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, ஓவர்டைம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், லீவு சம்பளம், ரிலீவர் செலவு, யூனிஃபார்ம், சர்வீஸ் சார்ஜ், கடைசியில் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வரிவரியாக வர வேண்டும். வேலை தருபவர் பங்காகப் பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதற்குமேல் நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 1 சதவீதம், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம். இந்த எண்களை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம், பத்து நிமிட வேலை. ஓவர்டைம் வரியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைக் கூலி என்பது சட்டக் கணக்கு. 12 மணி நேர டூட்டி போட்டுக்கொண்டு அந்த வரியே இல்லாத பில்தான் என் மேசைக்கு அதிகம் வந்திருக்கிறது.

சர்வீஸ் சார்ஜ் 1 சதவீதம் என்று ஒருவர் போட்டால் சந்தோஷப்படாதீர்கள். ஃபீல்டு ஆபீசரின் பெட்ரோலுக்கே அது காணாது. மிச்சத்தை ஏஜென்சிக்காரர் எங்கிருந்து எடுப்பார்? வாட்ச்மேன் சம்பளத்திலிருந்துதான். யூனிஃபார்ம் பிடித்தம், தங்குமிடப் பிடித்தம், சேரும்போது ஒரு மாத அட்வான்ஸ் என்று விதவிதமாக நடக்கும். பில்லில் பி.எஃப். இருக்கும், கட்டியிருக்க மாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சலான் காப்பியோடு, பெயர்வாரியாகப் பணம் கட்டிய பட்டியலையும் மாதாமாதம் வாங்கி, உங்கள் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இன்னும் சுலபம், இரண்டு பேரிடம் போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏஜென்சி கைவிரித்தால் கூலிக்குப் பொறுப்பு வேலை வாங்கியவர் தலையில் வந்து விழும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. கமிட்டிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் காது நீளும்.

நம் பக்கத் தப்பும் ஒன்று உண்டு. ஏஜென்சி பில்லை நாற்பது நாள் இழுத்தடித்துவிட்டு, வாட்ச்மேனுக்கு 7ஆம் தேதி சம்பளம் வரவில்லையே என்று நாம் அங்கலாய்ப்பது நியாயம் ஆகாது.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி ஏஜென்சிக்கு அரசு உரிமம் வேண்டும்; அது 5 ஆண்டுக்குச் செல்லும். காவலர் 18 வயதுக்குக் குறையாமலும் 65 வயதுக்கு மிகாமலும் இருக்க வேண்டும், பின்னணி விசாரித்திருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கு அது குறைவு. பயிற்சிச் சான்றிதழைக் கேளுங்கள். கூடவே சான்றிதழ் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, லாபியில் தொங்கும் தீயணைப்புக் கருவியின் முள் எந்த நிறத்தில் நிற்க வேண்டும் என்றும் கேளுங்கள். பச்சை என்று பதில் வராவிட்டால் சான்றிதழ் எந்த மேசையில் அடித்தது என்று புரிந்துவிடும்.

ஒரு போஸ்டுக்கு ஒரு தாள்

‘கேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று மொட்டையாக எழுதினால் வேலை நடக்காது. ஒவ்வொரு போஸ்டுக்கும் ஒரே பக்கத்தில், அங்கே நிற்பவர் என்ன செய்ய வேண்டும், யாருக்குப் போன் போட வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். பீகார், ஒடிசா, அசாம்காரர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் வேண்டும்.

தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.எம்.ஆரில் பல குடியிருப்புகளுக்கு லாரித் தண்ணீர்தான் உயிர். 12,000 லிட்டர் என்று ரசீதில் இருக்கும். செக்யூரிட்டி கையெழுத்துப் போட்டால் அது 12,000தான், டேங்கில் எவ்வளவு இருந்தாலும். “லாரி வந்தால் குறித்துக்கொள்ளவும்” என்று எங்கள் பழைய தாளில் இருந்தது. புதுத் தாளில் இப்படி மாற்றினோம்: இறக்குவதற்கு முன் லாரிமேல் மூடியைத் திறக்கச் சொல்லிப் போட்டோ எடு, சம்ப்பின் அளவுக்குச்சியை முன்னும் பின்னும் பார், பிறகு கையெழுத்து. முதல் வாரம் டிரைவர்கள் முறைத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

தாளில் இல்லாததையும் சொல்லியாக வேண்டும்: கார் துடைப்பது, தண்ணீர் கேன் தூக்குவது, மூன்றாவது மாடி மாமிக்குக் காய்கறிப் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பது. அவர் லிஃப்டில் இருக்கும் நாலு நிமிடம் கேட்டில் யாரும் இல்லை.

ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் கவனியுங்கள். பல இடங்களில் காலை 8 மணிக்கு மாறும். ஸ்கூல் வேன், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், ஆபீஸ் கார் எல்லாம் முட்டிமோதும் நேரமும் அதுதான். நாங்கள் 6.30க்கு மாற்றியதில் கேட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சத்தம் போட்டவர் பக்கம் சாயாதீர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓனர் ஒருவரின் மைத்துனர் காரில் வந்தார். பெயரும் பிளாட் நம்பரும் கேட்டதற்கு, “நான் யாருன்னு தெரியுமா?” என்றார். செக்யூரிட்டி தம்பி இண்டர்காமில் கேட்காமல் விடமாட்டேன் என்று நின்றுவிட்டார். ஓனர் இறங்கிவந்து கத்தினார். அன்றைக்கு நான் செய்த தவறு, விஷயம் முடிந்தால் போதும் என்று அந்தத் தம்பியையே மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அன்றிலிருந்து அவர் ஒரு காரையும் நிறுத்தவில்லை. நான் கேட்டபோது, “எதுக்கு சார் வம்பு?” என்றார். நிறுத்திக் கேட்பது கமிட்டி போட்ட விதி, கேட்டவரைத் திட்டினால் கமிட்டியிடம்தான் பேச வேண்டும் என்று எழுதி, லிஃப்டுக்குள் ஒட்டினோம். தலைவரே ஒருமுறை நின்று பெயர் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகுதான் ஆட்களுக்குத் தைரியம் வந்தது.

அடுத்து, சொல்லக் கூச்சமான விஷயம். இரவில் கிளப் ஹவுஸைப் பூட்டினால் உங்கள் வாட்ச்மேனுக்குக் கழிப்பறை எங்கே? எங்கள் இடத்தில் அவர் கால் மணி நேரம் போஸ்டை விட்டுவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். ஒரு சாவி கொடுத்ததும் தீர்ந்தது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. குடியிருப்பில் நிற்பவருக்கும் கால் வலிக்கும். நாற்காலியும் ஃபேனும் குடிநீரும் கொடுத்தால் தூங்கிவிடுவார் என்று கமிட்டியில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவரை ஒரே ஒரு ராத்திரி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

ரோந்துக்கு க்யூ.ஆர். ஸ்கேன் வைப்பது நல்லதுதான். ஆனால் எல்லா க்யூ.ஆர்.களையும் போட்டோ எடுத்துக் கேபின் சுவரில் ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஊரைச் சுற்றிய புத்திசாலிகளும் உண்டு. ரிப்போர்ட்டை நம்பாமல் மாதம் ஒருமுறை டெலிவரிப் பையோடு தெரியாத ஒருவரை அனுப்பிப் பாருங்கள். தவறினால் எல்லோர் முன்னாலும் திட்டாமல் சொல்லிக்கொடுங்கள். நான் மாதாமாதம் எண்ணுவது மூன்று விஷயங்கள்: ஆளில்லாமல் கிடந்த போஸ்ட் மணி நேரம், டபுள் டூட்டி எத்தனை, புது முகம் எத்தனை. காலியாகக் கிடந்த டூட்டிக்கு அபராதம் போட்டால், அது சர்வீஸ் சார்ஜில் கழிய வேண்டும், ஆள் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி ஏப்ரல் 1இல் உயரும்போது பில்லும் உயரும் என்பதையும் எழுதிவிட்டால் மே மாதச் சண்டை மிச்சம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏஜென்சியை மாற்றத்தான் வேண்டியிருந்தால், தீபாவளி, பொங்கல் வாரத்தைத் தவிருங்கள். பழையவர்களும் புதியவர்களும் மூன்று நாளாவது சேர்ந்து நிற்கட்டும். சாவிக்கொத்து, பதிவேடுகள், கேட் போனின் சிம் கார்டு எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். பழைய ஏஜென்சியின் கடைசி பில்லை மட்டும் உடனே பாஸ் பண்ணிவிடாதீர்கள். “கடைசி மாசச் சம்பளம் கைக்கு வந்துடுச்சா?” என்று ஆட்களையே ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.