கேட்டுத் தெரிந்துகொள்கிறார்களா?

ஆங்கிலத்தில் பேசும் திறனுக்கு வளரறி மதிப்பீடு (அ)-வில் மதிப்பெண் போடும்போது, பல வகுப்புகளில் நடப்பது ஒப்புவித்தல்தான். 'மை ஸ்கூல்' என்று பத்து வரி. நினைவாற்றலுக்கு நல்ல சோதனை. ஆனால் அந்தப் பத்து வரியில் பிள்ளை யாரிடமும் எதையும் கேட்கவில்லை, யாருக்கும் பதில் சொல்லவும் இல்லை.

ஏழாம் வகுப்பில் நான் செய்வது இது. இருவரை எதிரெதிரே உட்கார வைக்கிறேன். ஒருவர் கையில் பேருந்து நேர அட்டவணை. அடுத்தவர் கையில் ஒரு துண்டுச்சீட்டு: 'காலை 10 மணிக்குள் மதுரை போய்ச் சேர வேண்டும். எந்தப் பேருந்து? கட்டணம் எவ்வளவு?' பேச்சு ஆங்கிலத்தில் மட்டும், இரண்டு நிமிடம். பிறகு கேட்டவர் விடையை எழுதித் தருவார். விடை சரியென்றால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் உன்னிப்பாகப் பார்ப்பது, புரியாதபோது என்ன செய்கிறார்கள் என்பதை. பிஃப்டீனா பிஃப்டியா என்று குழம்பிய ஒரு மாணவி, "ஒன் ஃபைவ்? ஃபைவ் ஜீரோ?" என்று கேட்டாள். இலக்கணப்படி அது வாக்கியமே இல்லை. ஆனால் பேருந்தைத் தவறவிட மாட்டாள். மைக்கேல் கனாலே, மெரில் ஸ்வெய்ன் இருவரும் 1980-இல் எழுதிய கட்டுரையில், இந்தச் சமாளிக்கும் திறனையும் மொழித்திறனின் ஒரு கூறாகவே வைத்தார்கள்.

இன்னொன்று பணிவு. 'தண்ணி தாங்க' என்பதில் 'ங்க' செய்யும் வேலையை ஆங்கில வினைச்சொல் செய்வதில்லை. மனத்தில் மரியாதையோடு நினைக்கும் பிள்ளை 'கிவ் மீ வாட்டர்' என்கிறது. பிழையில்லாத வாக்கியம்தான், காதில் விழுவதோ கட்டளை. அதனால் எதிரில் இருப்பவர் நடத்துநரா தோழியா என்பதையும் சீட்டில் எழுதிவிடுகிறேன்.

ஐந்து மதிப்பெண்ணில் செய்திக்கு 2, சமாளிப்புக்கு 2, ஆளுக்கேற்ற பேச்சுக்கு 1. இலக்கணத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை. அதற்கு எழுத்துத் தேர்வு இருக்கிறது. பதில் சொல்பவர் வாயே திறக்காவிட்டால் கேட்பவர் பாடு என்ன என்று சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்போது அட்டவணையை நானே வாங்கிக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நாற்பது பேர் என்றால் இருபது ஜோடி. இருவரும் இடம் மாறிக் கேட்க நான்கு நிமிடம். நாளுக்கு நான்கு ஜோடி, ஐந்து நாளில் முடிந்துவிடும். மற்றவர்களுக்கு அந்த நேரம் எழுத்து வேலை. சீட்டில் மட்டும் நான்கைந்து வகை வேண்டும். ஒரே சீட்டு என்றால் இடைவேளைக்குள் விடை வகுப்பு முழுக்கப் பரவிவிடும், அதுவும் சுத்தமான தமிழில்.