ஸ்பானிய இறந்தகால வினையும் நம் இலக்கணமும்

அயன்மொழி இலக்கணம் கற்கப் புகுவார்க்குத் தாய்மொழி இலக்கணமே முதற்றுணை. இதனை ஸ்பானிய மொழியின் இறந்தகால வினையொன்றைக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

திண்டிவனத்தினின்று விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கூட்டேரிப்பட்டு. மயிலம் செல்வோர் பலர் பேருந்தினின்று இறங்கும் கூட்டுச்சாலை அது. 'கூட்டேரிப்பட்டில் இறங்கினேன்' என்று ஒருவர் கூறுகின்றார் எனக் கொள்வோம். இச்சொல்லில் 'இறங்கு' பகுதி. 'இன்' இறந்தகால இடைநிலை. 'ஏன்' தன்மை ஒருமை விகுதி. செயல், காலம், செய்தவர் என்னும் மூன்றையும் மூன்று உறுப்புகள் தனித்தனியே உணர்த்துகின்றன.

இறங்குதல் ஸ்பானியத்தில் 'பஹார்' எனப்படும். 'ஆர்' என்னும் ஈற்றை நீக்கி, ஏற்ற ஈறுகளைச் சேர்க்க இறந்தகாலம் பிறக்கும்:

இறங்கினேன் – பஹே
இறங்கினாய் – பஹாஸ்தே
இறங்கினான், இறங்கினாள், இறங்கிற்று – பஹோ
இறங்கினோம் – பஹாமோஸ்
இறங்கினீர்கள் – பஹாஸ்தேயிஸ்
இறங்கினார்கள் – பஹாரோன்

இலத்தீன் அமெரிக்க நாடுகளில் 'இறங்கினீர்கள்' என்பதற்கும் 'பஹாரோன்' என்பதே வழங்கும். 'ஆர்' ஈற்று முறைவினைகள் யாவும் இவ்வாறே நடக்கும். பேசுதலாகிய 'அப்லார்', 'அப்லே, அப்லாஸ்தே, அப்லோ' என வரும். 'ஏர்', 'ஈர்' ஈற்று முறைவினைகள் இரண்டும் வேறொரு வரிசை ஈறுகளைத் தம்முள் ஒப்பப் பெறும். உண்ணுதலாகிய 'கொமேர்', 'கொமீ' என்றாயின் 'உண்டேன்' ஆகும்.

இனி, வேற்றுமை காண்போம். 'பஹே' என்பதன் ஈற்று ஏகாரம் காலத்தையும் இடத்தையும் ஒருங்கே காட்டும். அதனை இடைநிலை என்றும் விகுதி என்றும் பிரித்தல் இயலாது. 'பஹோ' என ஈற்றசையை அழுத்தின் 'இறங்கினான்'. 'பாஹோ' என முதலசையை அழுத்தின் 'இறங்குகின்றேன்'. அழுத்தம் பிறழின் ஆளும் காலமும் ஒருசேரப் பிறழும். 'பஹாமோஸ்' என்பதோ 'இறங்குகின்றோம்', 'இறங்கினோம்' என்னும் இரண்டிற்கும் பொது. 'நேற்று' என்பது போன்ற சொல்லோ இடமோதான் காலத்தைத் தெளிவிக்கும்.

இதுகொண்டு தமிழே எளிதெனச் செருக்குதல் தகாது. செய்தேன், உண்டேன், தின்றேன், இறங்கினேன் என த், ட், ற், இன் என்னும் நான்கு இடைநிலைகளை நன்னூலார் கூறுவர். எவ்வினை எதனை ஏற்கும் என்பதை அயலார் வருந்தியே பயிலல் வேண்டும். ஸ்பானிய முறைவினையிலோ, பெயரின் ஈற்றைக் கண்ட அளவில் வாய்பாடு முழுதும் விளங்கிவிடும்.

ஸ்பானியத்தின் உடன்பிறப்பாகிய போர்ச்சுகீசியம் பேசிய அண்டிரிக் அடிகளார் 1546இல் இந்தியா போந்து, முத்துக்குளித்துறையில் பணியாற்றினார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கியதே. அவர் தமக்குப் பழகிய ஐரோப்பிய இலக்கண முறையைத் துணைக்கொண்டு தமிழ் வினைகளை வாய்பாடுகளாக வகுத்தெழுதினார். அறிந்ததினின்று அறியாததற்குச் சென்ற வழி அது. நாமோ பகுபத உறுப்பிலக்கணத்தைத் தேர்வின் பொருட்டு நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்து, பிறமொழி வாய்பாடுகளையும் அவ்வாறே நெட்டுருச் செய்கின்றோம். இவ்விழப்பு நமதே.

எனவே மாணவர் ஒன்று செய்து பார்ப்பாராக. நடத்தலாகிய 'கமினார்' என்னும் வினையை மேற்காட்டிய வரிசையில் விரித்தெழுதி, எதிரே 'நடந்தேன்' முதலியவற்றை எழுதிப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி எனப் பிரிக்க. ஸ்பானியத்தில் எது பிரியும், எது பிரியாது என்பது அப்போது தானே புலப்படும்.