நாற்பத்து மூன்றாம் தனிமம்

சிரஞ்சீவி மீனாட்சிக்கு,

உன் கடிதம் நேற்று மாலைத் தபாலில் வந்தது. பாட்டிக்கு எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும், அதற்காக ஊசியில் ஏற்றப்போகும் வஸ்து டெக்னீசியம் என்று தெரிந்ததும் நீ புத்தகத்தைப் புரட்டி, டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் 2,11,000 ஆண்டுகள் என்று கண்டு திகைத்துப் போனதையும் எழுதியிருக்கிறாய். “இரண்டு லட்சம் ஆண்டு அழியாத விஷத்தை, அதுவும் மனிதன் செயற்கையாகச் செய்ததை, வயதான உடம்பில் ஏற்றலாமா, சார்?” என்று கேட்டிருக்கிறாய். பாட்டியின்மேல் உனக்குள்ள பிரியம் எனக்குத் தெரியும். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருஷம் என்னிடம் ரசாயனம் படித்த பெண், அரை ஆயுள் நீளமாக இருந்தால் கதிரியக்கம் கொடியதாக இருக்கும் என்று எண்ணுவது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இரவு சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தவறான எண்ணம் உன் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. பத்திரிகைகளில் எழுதுகிறவர்களும் மேடைகளில் பேசுகிறவர்களும் லட்சம், கோடி என்று ஆண்டுக் கணக்கைச் சொல்லிச் சொல்லி, ஆயுள் நீண்ட ஐசோடோப்பே அதிக ஆபத்தானது என்ற பிரமையை ஊர் முழுதும் பரப்பிவிட்டார்கள். இரண்டு குதிர்களில் சம அளவு நெல் இருப்பதாக வைத்துக்கொள். ஒன்றின் அடியில் ஊசிமுனை அளவு விரிசல். வருஷத்துக்கு ஒரு பிடி நெல் சிந்துகிறது. மற்றொன்றின் அடி பிளந்து, ஒரே பகலில் பாதி நெல் கொட்டிவிடுகிறது. நீண்ட நாள் தாங்குகிற குதிர்தான் அதிகமாகக் கொட்டுகிறது என்று எவராவது சொல்வார்களா? ஆயுள் நீண்டது என்பதற்குப் பொருள், அதன் அணுக்கள் அபூர்வமாகவே சிதைகின்றன என்பதுதான்.

பேனாவை எடுத்துக்கொண்டு என்னோடு கணக்குப் போடு. பாட்டிக்கு ஏற்றப்போவது வெறும் டெக்னீசியம்-99 அன்று. அந்த எண்ணை ஒட்டி ‘எம்’ என்று ஓர் எழுத்து நிற்கும், அதை நீ கவனிக்காமல் விட்டுவிட்டாய். அணுக்கரு அதேதான், ஆனால் மிகைச் சக்தியைச் சுமந்துகொண்டு நிற்கும் நிலை. அந்தச் சுமையை 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிராக இறக்கிவைத்துவிட்டுச் சாதாரண டெக்னீசியம்-99 ஆகிவிடுகிறது. இதன் அரை ஆயுள் 6 மணி நேரம். பெரியவர்களுக்கு எலும்பு ஸ்கேனுக்காகக் கொடுக்கும் அளவு சுமார் 740 மெகாபெக்கரல், அதாவது வினாடிக்கு 74 கோடிச் சிதைவுகள். இதற்கு வேண்டிய அணுக்கள் சுமார் 23 லட்சம் கோடி. பெரிய தொகையாகத் தோன்றும், ஆனால் எடையோ ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் நான்கு கூறுக்கு மேல் இல்லை. இந்த அணுக்கள் எல்லாம் ஒன்று விடாமல் உடம்பிலேயே தங்கி, நீ பயப்படுகிற 2,11,000 ஆண்டு டெக்னீசியமாக மாறிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். 6 மணிக்கும் 2,11,000 ஆண்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 31 கோடி. 74 கோடியை 31 கோடியால் வகுத்துப் பார். வினாடிக்கு இரண்டு சிதைவு, சில வேளை மூன்று. மருந்தோடு முன்பே கலந்து வரும் டெக்னீசியம்-99ஐயும் சேர்த்தால் இது சில மடங்கு கூடலாம். சோற்றிலும் காயிலும் பாலிலும் இருந்து நம் உடம்பில் சேர்ந்திருக்கும் பொட்டாசியம்-40, சராசரி மனித உடலில் வினாடிக்கு நாலாயிரம் முறைக்குக் குறையாமல் சிதைந்துகொண்டிருக்கிறது; உனக்குள்ளும் எனக்குள்ளும், இந்தக் கடிதத்தை நீ படிக்கிற இந்தக் கணத்திலும்.

இதைச் சொன்னதும், நீண்ட ஆயுள் உள்ளவை எல்லாம் நிரபாயமானவை என்று எதிர்ப்புறமாகச் சாய்ந்துவிடாதே. அணு உலைகளில் யுரேனியம்-235 அணுக்கள் நூறு பிளந்தால் சுமார் ஆறு டெக்னீசியம்-99 அணுக்கள் பிறக்கின்றன. உலைக் கழிவில் அது டன் கணக்கில் சேர்கிறது. ஆக்ஸிஜனோடு சேர்ந்து பெர்டெக்னட்டேட் ஆகிவிட்டால் அது தண்ணீரில் எளிதில் கரைந்து, மண்ணில் ஒட்டாமல், நிலத்தடி நீரோடு பயணம் செய்யும். அங்கே அந்த இரண்டு லட்சம் ஆண்டு மெய்யாகவே கவலைக்குரியது. எவ்வளவு இருக்கிறது, எந்த வழியில் உடம்புக்குள் வருகிறது என்று கேட்காமல் ஆயுளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

இனி, ‘செயற்கை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். 1871இல் மெண்டலீவ் தம் அட்டவணையில் மாங்கனீஸுக்குக் கீழே ஒரு வீட்டைக் காலியாக விட்டு, அங்கே வரவேண்டிய தனிமத்துக்கு ‘ஏக மாங்கனீஸ்’ என்று பெயரிட்டார். ஆம், நம் ‘ஏக’தான், ஒன்று என்று பொருள்படும் அதே வடசொல். ருஷ்ய ரசாயனப் பேராசிரியருக்கு அந்தச் சொல் எங்கே கிடைத்தது? அவர் வாழ்ந்த பீட்டர்ஸ்பர்க்கிலேயே, பாணினியின் இலக்கணத்தைப் பதிப்பித்த போட்லிங்க் என்ற பண்டிதர் மாபெரும் சமஸ்கிருத அகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்தார். எழுத்துகளைப் பிறப்பிடத்தாலும் முயற்சியாலும் வரிசைப்படுத்திய இலக்கண மரபின் நிழல் மெண்டலீவின்மேல் விழுந்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம்தான், ஆனால் என் மனம் அதைப் பற்றிக்கொண்டு விட மறுக்கிறது. நம் உயிர்மெய் அட்டவணையைப் பார்: மேலே உயிர், பக்கத்தில் மெய், இரண்டும் கூடும் கட்டத்தில் ஓர் எழுத்து. ‘ஙௌ’ வருகிற தமிழ்ச் சொல் ஒன்றையும் நீ படித்திருக்க மாட்டாய். ஆயினும் அதன் ஒலி என்னவென்று உனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அதன் வரிசையும் நிரலும் உனக்குத் தெரியும். மெண்டலீவ் காலிக் கட்டங்களை வாசித்ததும் இந்த முறையிலேதான். காலியமும் ஸ்காண்டியமும் ஜெர்மானியமும் 1886க்குள் அவர் சொன்னபடியே அகப்பட்டன. ஏக மாங்கனீஸ் மட்டும் அகப்படவில்லை.

1925இல் பெர்லினில் நாடாக், டாக்கே, பெர்க் என்ற மூவர் அதைக் கண்டுவிட்டதாக அறிவித்து ‘மசூரியம்’ என்று பெயர் சூட்டினார்கள். மற்றவர்களால் அதை உறுதிசெய்ய முடியவில்லை. இளமையில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய ரசாயன நூல் ஒன்றில் 43ஆம் கட்டத்தில் மசூரியம் என்றே அச்சாகியிருந்தது. அதை நம்பி வெகு நாள் மனப்பாடம் செய்திருந்தேன். உண்மையான தனிமம் 1937இல் வந்தது, தபாலில் வந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸின் சைக்ளோட்ரான் யந்திரத்தில் டியூட்ரான்களின் தாக்குதலுக்கு ஆளான மாலிப்டினத் தகடு ஒன்றை அவர் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு அனுப்பிவைக்க, அங்கே ஸெக்ரேயும் பெரியரும் அதைக் கரைத்து, பிரித்து, நாற்பத்து மூன்றாம் தனிமத்தின் கதிரியக்கத்தை இனங்கண்டார்கள். செயற்கையானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து டெக்னீசியம் என்ற பெயர் 1947இல் வழங்கப்பட்டது.

ஏன் பூமியில் இல்லை? 43 என்ற ஒற்றைப்படை எண்ணுள்ள இந்த அணுக்கருவுக்கு நிலைபெறத் தகுந்த நிறை எண்கள் 95, 97, 99, 101. பந்தியில் அந்த இலைகள் எல்லாவற்றிலும் அண்டை வீட்டார் முன்பே உட்கார்ந்துவிட்டார்கள். முதல் இரண்டில் மாலிப்டினம், பின் இரண்டில் ருத்தீனியம். ஒரே நிறை எண்ணில் அடுத்தடுத்த இரண்டு தனிமங்கள் நிலைத்திருக்க முடியாது என்பது 1934இல் மட்டாவ் வகுத்த விதி. ஆகவே டெக்னீசியத்தின் ஐசோடோப்புகள் அனைத்தும் கதிரியக்கம் உடையவை. அவற்றில் மிக நீண்ட ஆயுள் உள்ளவற்றுக்கும் அரை ஆயுள் சுமார் 42 லட்சம் ஆண்டுகள்தான். பூமி முழுவதும் அந்த டெக்னீசியத்தாலேயே ஆனது என்று கற்பனை செய். 165 முறை பாதியானால் ஓர் அணுவும் மிஞ்சாது. அதற்கு 70 கோடி ஆண்டு போதும். பூமியின் வயது 450 கோடிக்கு மேல். யுரேனியம் தானாகப் பிளக்கும்போது பிறக்கும் அணுப்பிரமாணமான சுவடுதான் இன்று கனிமங்களில் உண்டு.

ஆனால் வானத்தில் உண்டு, மீனாட்சி! இதை எழுதும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. உலையில் செய்த டெக்னீசியத்தைக் கொண்டு அதன் நிறமாலைக் கோடுகளை 1950இல் மெகர்ஸும் ஸ்கிரிப்னரும் அளந்து வெளியிட்ட பிறகு, பால் மெரில் என்ற வானநூலார், சில சிவந்த ராட்சத நட்சத்திரங்களின் நிறமாலையில் 4262 ஆங்ஸ்ட்ராம் முதலிய அதே இடங்களில் அதே கோடுகள் கரிய ரேகைகளாக விழுந்திருப்பதை 1952இல் அறிவித்தார். அந்த நட்சத்திரங்களின் வயது கோடிக்கணக்கான ஆண்டு. டெக்னீசியமோ 42 லட்சம் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதியாகித் தீர்ந்துபோவது. அப்படியானால் அந்த நட்சத்திரம் பிறக்கும்போது கொண்டுவந்த சொத்தாக அது இருக்க முடியாது; அதன் கர்ப்பத்திலேயே அண்மையில் உண்டாகி, மேலே கொதித்து வந்திருக்க வேண்டும். நட்சத்திரங்கள் கனமான தனிமங்களைச் சமைக்கின்றன என்பது அதுவரை அனுமானம். அன்று முதல் பிரத்தியட்சம். உன்னைப் பயமுறுத்திய அரை ஆயுள்தான் அங்கே கடிகாரமாக நின்று சாட்சி சொன்னது. இனிமேல் டெக்னீசியத்தை மனிதன் மட்டுமே செய்தது என்று நீ எழுதக்கூடாது.

ஆஸ்பத்திரிக்கு இந்த மருந்து எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மணியில் பாதியாகிறதைத் தூரத்திலிருந்து கொண்டுவந்து கட்டுப்படியாகாது. ஆகவே 66 மணி அரை ஆயுள் உள்ள மாலிப்டினம்-99ஐ அலுமினா நிரப்பிய ஒரு சிறு குழாயில் ஏற்றி, ஈயக் கவசத்தில் வைத்து அனுப்புகிறார்கள். மாலிப்டினம் அலுமினாவைப் பற்றிக்கொண்டு நிற்கும். அதிலிருந்து பிறக்கும் டெக்னீசியம் உப்புநீர் ஊற்றினால் கழன்று வந்துவிடும். இந்தச் சாதனத்துக்கு உலகெங்கும் ஆய்வுக்கூடத்தார் வழங்கும் பெயர் பசு; காலையில் உப்புநீர் விட்டு எடுப்பதைக் கறப்பது என்கிறார்கள். கறந்தபின் ஒரு நாள் விட்டால் மடி மறுபடி நிரம்பும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் கறக்கலாம். கறந்ததை எலும்பில் படியும் பாஸ்பனேட் மருந்தோடு சேர்த்து, பாட்டிக்கு அன்றே போடுவார்கள்.

ஊசி போட்டு இரண்டு மூன்று மணி கழித்துத்தான் படம் எடுப்பார்கள். அந்த நேரத்தில் பாட்டியை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்; எலும்பில் சேராத மருந்து சிறுநீரோடு வெளியேறிவிடும். அன்று மட்டும் உன் அக்காள் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம் என்று நயமாகச் சொல். மறுநாள் அதே நேரத்தில் கதிரியக்கம் பதினாறில் ஒரு பங்குக்கு மேல் இராது. அப்போது குழந்தையை அவரிடம் கொடு.

ஆசிகளுடன்,
உன் பழைய ஆசிரியன்.