புகை செல்லும் வழி

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலை நாடித் தென்காசிக்கு ஏராளமான மகிழுந்துகள் வருகின்றன. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் உள்ளேயே உறங்குவோரும் உண்டு. அவ்வுறக்கம் உயிருக்கே கேடாகலாம்.

எஞ்சினில் பெட்ரோல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், எரியாத ஹைட்ரோகார்பன்கள் ஆகியவையும் தோன்றுகின்றன. இவை முதலில் வினையூக்கி மாற்றியை அடைகின்றன. அங்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் அவற்றின் பெரும்பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றன. அடுத்துள்ள சைலன்சர் ஓசையைத் தணிக்கிறது. பின்குழாய் எஞ்சிய புகையை வெளியேற்றுகிறது. ஈயம் இம்மாற்றியைச் செயலிழக்கச் செய்யும். எனவேதான், 1995ஆம் ஆண்டு சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் மகிழுந்துகளுக்கு மாற்றி கட்டாயமானபோது, ஈயமற்ற பெட்ரோலும் அறிமுகமானது.

ஈரமும் சேறும் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும். துளை விழுந்தால் வண்டியின் ஓசை மிகும். புகை அடித்தள இடுக்குகள் வழியே உள்ளே கசியும். நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு, குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 200 மடங்கு வலுவாகப் பிணைவதால், உறங்குபவர் விழிக்காமலேயே உயிரிழக்க நேரும். பயணத்திற்கு முன் குழாயைச் சோதிப்பதும், நிற்கும் வண்டியில் எஞ்சினை நிறுத்துவதும் உயிர்காக்கும் கடமைகளாகும்.